நோட்டுப் புத்தகத்தில் வரைவது சமகாலக் கலையாகுமா?

ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும் தன் பாட்டியை அவர் சில ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து வருகிறார். வகுப்பு மதிப்பீட்டில் அவற்றைக் காட்டியபோது, "இது டயரி, நல்ல பயிற்சி, ஆனால் இதில் சமகாலம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். இறுதியாண்டு வேலைக்கு இந்த நோட்டுகளை ஒதுக்கிவிட்டு பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் ஒரு நிறுவல் படைப்பைச் (இன்ஸ்டலேஷன்) செய்வதா, இவற்றையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவதா என்பது அவருடைய குழப்பம். கேள்வியோடு சில பக்கங்களின் படங்களையும் அனுப்பியிருந்தார். அவற்றைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் போக வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் உங்களிடம் கேட்ட கேள்வியைத் தள்ளிவிடவும் வேண்டாம். கேட்ட விதத்தில் ஏளனம் இருந்திருக்கலாம், கேள்வி சரியானதுதான். சொந்த வாழ்க்கையிலிருந்து வரைந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு கோட்டோவியம் சமகாலக் கலையாகிவிடாது. அதைப் பத்தடி உயரத்துக்கு வளர்த்து, பக்கத்தில் ஒரு மல்லிகைக் கூடையையும் ஒலிபெருக்கியையும் வைத்தாலும் ஆகிவிடாது. யார் வரைந்தார், எதன்மேல், எவ்வளவு நேரம், எதைப் பார்த்து அல்லது எதை நினைவில் வைத்து, எதை அழித்தார், எதை அப்படியே விட்டார் என்பவையெல்லாம் படத்துக்குப் பின்னால் மறைந்துவிடாமல் படத்தின் பொருளாகவே மாறுகிற ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைச் சிறிய தாளிலேயே எட்டியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கங்களில் சில அதற்கு மிக அருகில் வந்து நிற்கின்றன. அது உங்களுக்கே தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை.

கோட்டோவியத்தைப் பயிற்சியாக மட்டுமே பார்க்கும் வழக்கத்துக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு இருக்கிறது. இன்று சென்னையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கைவினைத் தொழில்களுக்கு உதவும் அடிப்படைத் திறனாகவே வரைதல் அங்கே கற்பிக்கப்பட்டது. பின்னாளில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று லோயர் கிரேடும் ஹையர் கிரேடும் முடித்து டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போன தலைமுறைகளை நாம் அறிவோம். அந்தத் தேர்வுத் தாளில் கோடு நடுங்கினால் மதிப்பெண் போயிற்று. வரைதல் சாதகம், வண்ண ஓவியமே கச்சேரி என்ற எண்ணம் இப்படித்தான் நம் ஆசிரியர்களின் மனத்தில் ஊறியது. உங்களை மதிப்பிட்டவர்களும் அந்த வழியில் வந்தவர்களாகவே இருக்கக்கூடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணம் உடைந்ததும் அதே கல்லூரியில்தான். 1929இல் அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார். அவருடைய காலத்திலும் அதைத் தொடர்ந்தும் அங்கே உருவானவர்களுக்குக் கோடு என்பது வண்ணம் பூசுவதற்கு முன் போடும் எல்லைக் குறியாக இல்லை. பணிக்கரே 1960களில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும், எழுத்து போலத் தோன்றினாலும் படிக்க வராத வரிகளையும் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் தோற்றத்தைக் கித்தானுக்கு (கேன்வாஸ்) கொண்டுவந்தார். அங்கே ஓவியம் கற்பித்த சந்தானராஜின் கோட்டைப் பற்றி அவரிடம் படித்தவர்கள் இன்றும் தனி மரியாதையோடு பேசுகிறார்கள்.

அங்கே படித்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969இல் வரைந்த நூறு காந்தி ஓவியங்களை நல்ல அச்சிலாவது நிதானமாகப் பாருங்கள். கருப்பு மை, வெள்ளைத் தாள், அவ்வளவுதான். கோடுகள் முகத்தின் விளிம்பைச் சுற்றி வரவில்லை. கன்னத்துக்குள்ளும் நெற்றிக்குள்ளும் கீறல்களாகக் குவிந்து, ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோரிடத்தில் சட்டென்று விட்டுப்போகின்றன. தாள் வெறுமையாக விடப்பட்ட இடத்தில்தான் வெளிச்சம் இருக்கிறது. எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு, ஒரே கருவியால், நூறு முறை வரைந்தபோது அது காந்தியைப் பற்றிய பாராட்டு மட்டுமாக நிற்காமல், தெரிந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற விசாரணையாகவும் மாறியது. அதே கை சிற்றிதழ்களின் பக்கங்களுக்கும் வரைந்தது. மேடைக்கு ஒரு கோடு, பத்திரிகைக்கு ஒரு கோடு என்று அவர் பிரித்துக்கொள்ளவில்லை.

தனிப்பட்டது என்ற பேச்சுக்கு வந்தால் கே. ராமானுஜத்தைத் தவிர்க்க முடியாது. பணிக்கரின் மாணவர், 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர், 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோனவர். பேச்சு எளிதாக வராத, தனிமையில் வாடிய அந்த மனிதர் பேனா மையால் நிரப்பிய தாள்களில் அரண்மனைகளும் பாம்புகளும் பறக்கும் உருவங்களும், நடுவே தொப்பி அணிந்த அவரே கனவு நாயகனாகவும் வருகிறார்கள். அவருடைய துயர வாழ்க்கையைக் காட்டித்தான் பலரும் அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாழ்க்கைக் கதையே தெரியாத ஒருவர் முன்னால் அந்தத் தாளை வைத்தாலும், ஒரு விரற்கடை அகலம்கூடக் காலியாக விடாமல் நுண்கோடுகளால் அடைத்திருக்கும் அந்தப் பிடிவாதம் பார்ப்பவரைப் பிடித்துக்கொள்ளும். அந்தரங்கம் கதையில் இருப்பதைவிட அந்த அடைப்பில்தான் கூடுதலாக இருக்கிறது. உங்கள் பாட்டியின் கதையை எழுதி ஒட்டினால்தான் படம் புரியும் என்று நீங்கள் நினைப்பதால் இதைச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான முனையில் நஸ்ரீன் முகமதி இருக்கிறார். 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, 1972 முதல் 1990இல் இறக்கும்வரை பரோடாவில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய முதிர்ந்த படைப்புகளில் மனிதரும் இல்லை, மரமும் இல்லை. வரைபடக் கருவிகளைக் கொண்டு பென்சிலாலும் மையாலும் இழுத்த கோடுகள் மட்டுமே. பெரும்பாலானவற்றுக்குத் தலைப்போ தேதியோ கிடையாது. கடைசி ஆண்டுகளில் நரம்பு நோயால் உடலசைவு கட்டுக்கடங்காமல் போனபோதும் அந்தக் கோடுகள் இம்மி பிசகவில்லை. இதை அறிந்த பிறகு அந்த வெற்றுக் கோடுகளைவிடத் தனிப்பட்ட ஓவியம் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் எழுதிய நாட்குறிப்புப் பக்கங்களும், எழுதிய வரிகளை மையால் மறைத்துப் பட்டைகளாக ஆக்கிய பக்கங்கள் உட்பட, இப்போது அருங்காட்சியகங்களில் காட்டப்படுகின்றன. "இது டயரி" என்று யாராவது மறுபடியும் சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாதத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அவருடைய டயரி காட்சிக்கு வந்ததால் நம்முடையதும் வர வேண்டும் என்று ஆகிவிடாது.

வெளிநாட்டு உதாரணங்களில் இரண்டை மட்டும் தொட்டுப்போகிறேன். பிரான்சில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா எண்பது வயதைக் கடந்த பிறகு, 1994க்கும் 1995க்கும் இடைப்பட்ட சில மாதங்களில் தூக்கம் வராத இரவுகளில் வரைந்த 220 தாள்கள் ஒரே படைப்பாகக் கருதப்படுகின்றன. அவற்றில் பல தனியாகப் பார்த்தால் சாதாரணக் கிறுக்கல்கள். இரவுகளின் வரிசையே அவற்றைப் படைப்பாக்குகிறது. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் எடுத்துவரும் அசைவுப் படங்களில், ஒரு தாளில் கரியால் வரைந்து, கேமராவில் ஒரு சட்டகம் எடுத்து, திரும்ப வந்து ஒரு பகுதியை அழித்து மாற்றி வரைந்து, மறுபடி எடுக்கிறார். கரியை எவ்வளவு துடைத்தாலும் தாளில் சாம்பல் நிறக் கறை தங்கும். நிறவெறி ஆட்சியின் நினைவு நாட்டைவிட்டு எளிதில் அழியாது என்பதைச் சொல்ல அவருக்கு வேறு குறியீடு தேவைப்படவில்லை, அழிரப்பரும் கறையுமே போதுமாக இருந்தன. முறையே பொருளாவது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் உங்கள் வேலைக்கு எல்லாரையும்விட நெருக்கமானவர் என்று நான் நினைப்பது யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2011இல் அவர் ஒரு நூலை, அதாவது நூல் வடிவிலான ஒரு கலைப்படைப்பை, வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கும் காணிப் பதிவேடு. போரினால் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். வரையப் பழகாதவர்கள் போட்ட படங்கள் அவை. அறை எங்கே, கிணறு எங்கே, எந்தப் பக்கம் வாசல் என்று கை தடுமாறித் தேடியிருப்பது கோட்டிலேயே தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு கட்டடக் கலைஞர் அளவோடு கூடிய முறையான வரைபடமாக மாற்றினார். அதற்கடுத்து அந்த வீட்டைப் பற்றிக் கேட்ட கதையிலிருந்து சனாதனன் உலர்ந்த பேஸ்டல் வண்ணக்கட்டிகளால் ஓர் ஓவியம் வரைந்தார். ஒரே வீடு மூன்று கைகளால் மூன்று விதமாக வரையப்படுகிறது.

இந்த வேலையில் எது மனத்தை உலுக்குகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சனாதனனின் ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் பக்கங்களைப் புரட்டும்போது கை நிற்பது வீட்டுக்காரர் வரைந்த அந்த முதல் படத்தில்தான். அடுத்த பக்கத்தில் கட்டடக் கலைஞரின் நேர்கோடுகள் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்போது எதுவோ காணாமல் போகிறது. காணாமல் போனது என்ன என்று நாம் தேடத் தொடங்கும்போதே வீட்டை இழப்பதைப் பற்றிய ஏதோ ஒன்று நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. இதற்குப் பெரிய கூடமும் தேவைப்படவில்லை, ஒளியமைப்பும் தேவைப்படவில்லை; கையில் வைத்துப் புரட்டும் ஒரு கோப்பு போதுமாக இருந்தது. பயிற்சியில்லாத ஒருவரின் நடுங்கும் கோட்டை, டிராயிங் தேர்வு கழித்துவிடும் அதே கோட்டை, ஒரு கலைஞர் தன் படைப்பின் மையத்தில் வைத்தார் என்பதையும் கவனியுங்கள்.

இனி உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன். பழைய நோட்டில் பாட்டியின் முகத்துக்கு நிறைய உழைத்திருக்கிறீர்கள். கண்ணிமை, மூக்குத்தி, கழுத்துச் சுருக்கம் எல்லாம் அச்சு அசல். அவை திறமையான பக்கங்கள், ஆனால் எந்தத் திறமைசாலியும் வரைந்திருக்கக்கூடியவை. பிற்பட்ட நோட்டில் முகம் நாலைந்து கோடுகளாகச் சுருங்கிவிடுகிறது. பேனா முழுக்கக் கைகளிடம் போய்விடுகிறது. பாட்டி அசைந்துகொண்டே இருப்பதால் கட்டைவிரல் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் விழுந்திருக்கிறது. பால்பாயிண்ட் என்பதால் அழிக்கவும் முடியவில்லை. நாரை விரலில் சுற்றி முடிச்சை இழுக்கும் இடத்தில் கோடு தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தமாக இருக்கிறது. பூக்கள் வெறும் சுழிகள். நீங்களே குறிப்பில் "சரியாக வரவில்லை" என்று எழுதியிருக்கும் பக்கம் இதுதான். நான் உங்கள் ஆசிரியராக இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அசைகிற கையும் அழிக்க முடியாத மையும் மோதிக்கொள்ளும் இடம் அது. உழைப்பின் வேகத்தை நிற்கவைக்காமல் எப்படித் தாளில் பிடிப்பது என்ற கேள்வி அங்கே தானாக எழுந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை விடாமல் துரத்துவதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். எடுத்துக்காட்டாக, பாட்டி ஒரு முழம் கட்டி முடிக்கும் நேரம்தான் ஒரு படத்துக்கான நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முழத்தை அளந்து நறுக்கும்போது பேனாவை எடுத்துவிட வேண்டும், படம் பாதியில் நின்றாலும் சரி. அப்போது படம் எப்போது முடியும் என்பதை முடிவு செய்பவர் அவராகிறார். கூலிக்குக் கட்டும் நாளில் ஒரு வேகம், வீட்டுச் சாமிக்குக் கட்டும் நாளில் ஒரு வேகம், கனகாம்பரத்துக்கும் மல்லிகைக்கும் கோடுகளின் அடர்த்தியில் வேறுபாடு என்று நீங்கள் திட்டமிடாத விஷயங்கள் தாள்களில் சேரத் தொடங்கும். இது ஒரு யோசனை மட்டும்தான். நாலு வாரம் செய்து பார்த்தும் பக்கங்கள் உயிரற்றுப் போனால் தயங்காமல் கைவிட்டு, வேறு விதியைத் தேடுங்கள். விதியைக் காப்பாற்றுவதற்காக வரைவது, தேர்வுக்காக வரைவதைவிட மோசமானது.

பெரிதாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கையளவு நோட்டில் கோடு விரல்களிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் பிறக்கிறது. ஆறடித் தாளில் அது தோளிலிருந்து பிறக்கிறது. புரொஜெக்டரால் சிறிய படத்தைச் சுவரில் விழச்செய்து அதன்மேலேயே இழுக்கும் கோடு இரண்டிலும் சேராது, செத்த கோடாகத்தான் இருக்கும். சுவரளவில் வரைவதில் தவறேதும் இல்லை, அதற்கான காரணம் வேலைக்குள் இருந்தால். மராட்டியத்தின் சந்திரபூர் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்த பிரபாகர் பாச்புதே சுரங்கத் தொழிலாளர்களைக் கரியால் சுவர்களில் வரைகிறார் என்றால், அந்தக் கருமையும் அந்தப் பரப்பும் அவருடைய விஷயத்திலிருந்தே வருகின்றன. உங்கள் பாட்டியின் வேலை மடியளவில் நடப்பது. மடியளவுத் தாளே அதற்குப் பொருந்தும்.

நிறுவல் கலையை நான் குறைத்துப் பேசவில்லை. 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பியென்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியும் அதனோடு சேர்ந்து நடக்கும் மாணவர் பியென்னாலேயும் நம் கல்லூரி மாணவர்களின் கண்ணைத் திறந்திருக்கின்றன, சந்தேகமில்லை. அந்தக் காட்சிகள் நடந்த ஆஸ்பின்வால் மாளிகையின் பழைய கிடங்குகளைப் பார்த்துவிட்டு வருகிற மாணவருக்கு அந்த அளவே கலையின் அளவு என்று தோன்றிவிடுவதுதான் சிக்கல். இடத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் செய்த வேலைகளை ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிக் காட்சிகளில் பார்க்கிறோம். கயிறு, மணல், பழைய பெட்டி, மங்கிய விளக்கு, கூடவே ஒரு விளக்கக் குறிப்பு. ஊடகம் புதிதாக இருப்பதால் அவை சமகாலமாகிவிடுவதில்லை.

காட்சிக்கு வைப்பது எப்படி என்பது இங்கே உண்மையான சிக்கல். நோட்டைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் இரண்டு பக்கங்கள்தான் தெரியும். தாள்களைப் பிரித்துச் சட்டமிட்டால் வரிசை போய்விடும். உங்கள் வேலையில் முகம் மெல்ல மறைந்து கை பெரிதாகிற அந்த வரிசை முக்கியம். மூல நோட்டைப் பேழையில் வைத்து, அதே அளவில், அதே மாதிரித் தாளில் அச்சடித்த நகலைப் பக்கத்தில் ஒரு தாழ்வான மேசையில் போட்டு, பார்ப்பவர் உட்கார்ந்து புரட்டும்படி செய்வதுதான் நான் பார்த்தவற்றில் நன்றாக வேலை செய்த வழி. அதற்கு முன் பாட்டியிடம் கேட்டுவிடுங்கள். தன் கை முன்பின் தெரியாதவர்கள் நடமாடும் கூடத்தில் காட்டப்படுவதில் அவருக்குச் சம்மதமா, எந்தப் பக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவரே சொல்லட்டும். சனாதனனின் வேலையில் வீட்டை இழந்தவர்களே வரைந்தார்கள். உங்கள் வேலையில் பாட்டி பார்க்கப்படுபவராக மட்டுமே இருக்கிறார். அதை மாற்ற முடியுமா என்று யோசிக்க உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

விளக்கக் குறிப்பில் அடையாளம், நினைவு, உடல், வெளி ஆகிய நான்கு சொற்களும் இல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்காமல் முதலில் தமிழில், பாட்டிக்கு வாசித்துக் காட்டினால் புரிகிற அளவில் எழுதுங்கள். எந்தப் பேனா, எந்த நேரம், என்ன விதி, எங்கே நிறுத்தினீர்கள் என்பதைச் சொன்னாலே அரைப் பக்கம் வந்துவிடும். மதிப்பீட்டுக் குழுவுக்கும் அதற்குமேல் தேவைப்படாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சாதாரண நீலப் பால்பாயிண்ட் மை பெரும்பாலும் சாயத்தால் ஆனது. வெளிச்சம் பட்டால் வெளிறும். பள்ளி நோட்டுத் தாளில் இருக்கும் மரக்கூழும் அமிலமும் சில ஆண்டுகளில் அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். இதுவரை நிரப்பிய நோட்டுகள் எல்லாவற்றையும் இந்த விடுமுறையிலேயே நல்ல தெளிவில் ஸ்கேன் செய்துவிடுங்கள். மூலங்களை வெயில் விழும் சுவர்ப்பக்கம் வைக்காமல், அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். இனி வரைவதற்கு அமிலமற்ற தாளில் தைத்த நோட்டை வாங்கிக்கொள்ளலாம். பேனாவை மாற்றுவதானால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: கார்பன் கலந்த இந்தியன் இங்க் வெளிறாது, ஆனால் முடிச்சை இழுக்கும் இடத்தில் நீங்கள் கொடுக்கும் அந்த அழுத்தத்தை நிப் பேனா தாங்காது. நிறமி மை உள்ள ஜெல் பேனாக்களில் இரண்டு மூன்றை வாங்கி, ஒரே பூக்கட்டை எல்லாவற்றாலும் வரைந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.